டிரோன் கேசட்டில் எது கோளாறு, எது இசை? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

சினிமாப் பாட்டுக் கேசட்டில் கோளாறு வந்தால் காதே சொல்லிவிடும். குரல் இழுக்கிறது, தபலா மங்கிவிட்டது, ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியும். ஒரே சுரத்தை விடாமல் நீட்டி ஒலிக்கும் டிரோன் இசை பதிந்த கேசட்டில் அந்த வசதி கிடையாது. இருபது நிமிடம் ஒரே சுரம் ஓடுகிறது. அதன் மேல் மழை மாதிரி இரைச்சல், அடியில் மின்சார ஹம், எங்கோ தலைகீழாக ஓடும் ஒரு குரல். இதில் எதைப் பதிந்தவர் வேண்டுமென்றே வைத்தார், எது கேசட்டை ஓட்டும் உங்கள் டெக்கின் வேலை?

மிச்சிகனிலோ நியூசிலாந்தின் டனீடினிலோ யாரோ ஒருவர் தன் அறையில் மலிவான ரெக்கார்டரில் பதிந்து, ஐம்பதோ நூறோ பிரதி எடுத்து அனுப்பிய நாடா அது. புரூஸ் ரஸ்ஸல் 1988இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ்வே, ஜான் ஓல்சனின் அமெரிக்கன் டேப்ஸ், 2004இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய நாட் நாட் ஃபன் போன்ற சிறு லேபிள்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். ஸ்டுடியோவில் கழித்துக்கட்டும் சத்தங்கள் இங்கே வாத்தியங்கள். அதனால் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன், சத்தம் எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அது பதிந்தவர் அறையில் பிறந்திருக்கலாம், நாடாவில் பிறந்திருக்கலாம், உங்கள் வீட்டிலும் பிறந்திருக்கலாம். கீழே வரும் எல்லா வழிமுறையும் இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

அதற்கு இரண்டு கேசட்டுகளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, எதுவும் பதியாத காலி கேசட். அதை ஓடவிட்டும் அந்தச் சத்தம் கேட்டால் அது டிரோன் கேசட்டில் இல்லை. டெக், ஆம்ப்ளிஃபயர், வயர் இவற்றில் ஒன்றில் இருக்கிறது. டெக்கை நிறுத்திவிட்டுக் கேட்பது போதாது, ஏனென்றால் சில டெக்குகள் நிறுத்தியதும் வெளியே போகும் ஒலியையே அடைத்துவிடும். இன்னொன்று, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பழைய பாட்டுக் கேசட். கம்பெனி வெளியிட்டதாக இருக்க வேண்டும். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்தது உதவாது. அந்தக் கடை டெக்கில் நாடாவைத் தொட்டுப் பதியும் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்தது என்பது அந்தக் கடைக்காரருக்கே தெரிந்திருக்காது.

போர்வை போர்த்தியது போல மந்தமாகக் கேட்கிறது

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான். அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வதும் இதில்தான்.

முதலில் நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானைப் பாருங்கள். நாடாவில் டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டால் மேல்சுரங்கள் அமுங்கிவிடும். இந்த வகைக் கேசட்டுகளில் பெரும்பாலும் டால்பி இருக்காது. அட்டையில் குறி எதுவும் இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது ஹெட். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டையும், நாடாவை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனையும் துடையுங்கள். 99 சதவீதம் கிடைத்தால் நல்லது. குச்சி பழுப்பாக வந்தால் இன்னொரு குச்சி எடுக்க வேண்டும். வெள்ளையாக வரும்வரை நிறுத்தக் கூடாது. நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் ரோலருக்கு ஆல்கஹாலை அடிக்கடி போட்டால் ரப்பர் காய்ந்து இறுகிவிடும் என்பார்கள். நான் அதற்குச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணிதான் பயன்படுத்துகிறேன்.

மூன்றாவது, கேசட்டின் திறந்த ஓரத்தில் நடுவே இருக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். விழுந்தால் ஒலி மங்கும், வரும், போகும். நல்ல நிலையிலுள்ள வேறொரு ஸ்க்ரூ வைத்த கேசட் கூட்டைத் திறந்து, நாடாவை அதற்குள் மாற்றுவதே சுலபமான வழி. ஒட்டவைத்த கூடு என்றால் ஓரத்தில் மெல்லிய கத்தியை விட்டு மெதுவாகப் பிளக்க வேண்டும். அதைச் செய்து பழகுவதற்கு வேறு ஏதாவது கேசட்டைப் பலி கொடுங்கள்.

இது மூன்றும் சரியாக இருந்தால்தான் ஹெட்டின் கோணத்துக்கு, அதாவது அசிமத்துக்கு, வர வேண்டும். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, நாடாவில் 5 மைக்ரான் நீளம்கூட இல்லை. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பதிந்த ஹெட் நின்ற கோணத்துக்கும் உங்கள் ஹெட் நிற்கும் கோணத்துக்கும் இம்மி வித்தியாசம் இருந்தாலும் மேல்சுரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்ப்ரிங் வைத்த ஸ்க்ரூ இருக்கும், பெரும்பாலும் அதன் தலையில் பெயின்ட் துளி வைத்திருப்பார்கள். திருகும் முன் அது நிற்கும் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். கோணப் பிசகு மோனோவில் பளிச்சென்று தெரியும். அப்புறம் மிக மெதுவாக, கால் சுற்றுக்கு மேல் போகாமல், இப்படியும் அப்படியும் திருகிப் பார்க்க வேண்டும்.

பாட்டுக் கேசட் என்றால் ஜால்ராவையோ பாடகர் சொல்லும் 'ச'வையோ கேட்டுத் திருகலாம். டிரோனில் அது எதுவும் இல்லை. அதனால் இசையைக் கேட்காதீர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் இரைச்சலைக் கேளுங்கள். பதிந்தவரின் மைக்கும் மிக்ஸரும் எழுப்பிய 'ஸ்ஸ்ஸ்' எந்த இடத்தில் கூர்மையாக, நுணுக்கமாகக் கேட்கிறதோ அதுதான் கோணம். இந்த இசையைக் கேட்பவர்களுக்கு இரைச்சல் செய்யும் ஒரே உபகாரம் இது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிக உருப்படியான உபகாரம்.

நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு கேசட்டுக்காக ஒரு மாலை முழுக்க இந்த ஸ்க்ரூவோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். எங்கே திருகினாலும் மந்தம். கடைசியில் இரண்டாம் பக்கம் தொடங்கி மூன்று நிமிடம் ஆனதும் கண்ணாடி உடைவது போல ஒரு மணிச் சத்தம், அவ்வளவு துல்லியமாக. முதல் பக்கத்தை அவர் மந்தமாகத்தான் பதிந்திருக்கிறார். என் டெக்கில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. நான் திருகிய பிறகுதான் குறை வந்தது. மனப்பாடமான பாட்டுக் கேசட்டை முதலில் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு மாலை மிஞ்சியிருக்கும்.

கேசட்டைத் திருப்பாமலே இரு திசையிலும் ஓட்டும் ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில் ஒரு திசையில் மட்டும் மந்தம் என்றால் யோசிக்கவே வேண்டாம். கேசட்டைக் கையால் திருப்பிப் போட்டு நல்ல திசையிலேயே இரண்டு பக்கத்தையும் கேளுங்கள்.

சுருதி ஆடுகிறது

நாடா ஓட்டத்தின் நடுக்கத்தை டிரோன் காட்டிக்கொடுப்பது போல வேறு எந்த இசையும் காட்டிக்கொடுக்காது. சுரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டியது, நிற்கவில்லை என்றால் உடனே தெரிந்துவிடுகிறது.

ஆனால் முதலில் ஒன்றைப் பிரிக்க வேண்டும். சுரம் எழுப்பும் மின்கருவிகளான ஆசிலேட்டர்கள் இரண்டை, ஒன்று 220, இன்னொன்று 220.5 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒலி பெருத்து இளைக்கும். தம்புராவில் நடுவிலுள்ள இரண்டு தந்திகள் மயிரிழை பிசகி நின்றால் ஓர் அலை எழுமே, அதுதான். அது கோளாறு இல்லை. டிரோன் இசையின் உயிரே பாதி அங்கேதான் இருக்கிறது. கோளாறால் வரும் ஆட்டத்தில் ஒலியின் அளவு ஆடாது, சுரமே மேலும் கீழும் போகும். காதில் சந்தேகம் என்றால் போனில் உள்ள ட்யூனர் செயலியைத் திறந்து வையுங்கள். முள் ஒரே இடத்தில் நிற்க, ஒலி மட்டும் ஏறி இறங்கினால் அது இசை. முள்ளே ஆடினால் இயந்திரம்.

இயந்திரம் என்று முடிவானால், ஆட்டம் எத்தனை விநாடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். டெக்கில் சுழலும் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கால அளவு வைத்திருக்கிறது.

ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை என்றால் ரப்பர் பிஞ்ச் ரோலர். அதன் விட்டம் சுமார் 13 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு நாடா 4 சென்டிமீட்டர் நகரும், கணக்கு ஒத்துப்போகும். ரப்பரில் பள்ளமோ அழுக்குப் பொட்டோ இருக்கும். துடைத்துப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

விநாடிக்கு ஆறேழு முறை, சுரம் நடுங்குவது போல, கரகரப்போடு கேட்டால் கேப்ஸ்டன் தண்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது. அந்தத் தண்டு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ஒட்டிய பழுப்புத் தூளே போதும்.

ஒன்றரை விநாடியில் தொடங்கி, பக்கம் ஓட ஓட இடைவெளி நீண்டு மூன்று விநாடிக்கும் மேல் போனால், நாடாவைச் சுற்றி வாங்கும் பக்கம் இழுத்து இழுத்து விடுகிறது. அந்த உருளையில் நாடா சேரச் சேர அது மெதுவாகச் சுழல்வதால்தான் இடைவெளி நீள்கிறது. இதற்கு நேர் எதிராக, மூன்றில் தொடங்கி ஒன்றரைக்குச் சுருங்கினால், நாடாவை விடும் பக்கம் இறுகியிருக்கிறது. அப்போது குற்றம் டெக்கில் இல்லை, கேசட் கூட்டுக்குள் இருக்கலாம். கேசட்டின் தட்டையான பக்கத்தை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி, முழுக்க முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டிவிட்டுக் கேளுங்கள். நம்பிக்கையே இல்லாமல் செய்தாலும் பல சமயம் பலிக்கும்.

மாறாத இடைவெளியில், ஐந்து விநாடிக்கு ஒருமுறை மாதிரி, ஒரு 'டக்'கோடு சேர்ந்து சுரம் குலுங்கினால் சந்தோஷப்படலாம். பதிந்தவர் கேசட் கூட்டுக்குள் நாடாவை வெட்டி வளையமாக ஒட்டி ஓடவிட்டிருக்கிறார், ஒட்டுப்போட்ட இடம்தான் அந்த 'டக்'. இதில் சரிசெய்ய எதுவும் இல்லை.

எந்தக் கணக்கிலும் அடங்காமல், போதையில் நடப்பவர் போல ஆடினால் பெல்ட்தான். பழைய பெல்ட் தளர்ந்துபோகும், சிலது தார் மாதிரி உருகிப் புல்லியில் ஒட்டிக்கொண்டிருக்கும். உருகியதை ஆல்கஹால் தொட்டுச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும். அளவு தெரியாவிட்டால் பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது.

உங்கள் டெக்கை மட்டும் தனியாகச் சோதிக்க, மின்சுருதிப் பெட்டியை ஐந்து நிமிடம் காலி நாடாவில் பதிந்து திருப்பிக் கேளுங்கள். பதியும்போது ஒரு ஆட்டம், கேட்கும்போது ஒரு ஆட்டம், இரண்டும் சேர்ந்து வரும். அதிலும் சுரம் அசையாமல் நின்றால் உங்கள் டெக் தங்கம். டிரோன் கேசட்டில் கேட்ட ஆட்டம் அங்கிருந்தே வந்தது.

அடியில் விடாமல் ஒரு 'ம்ம்ம்'

இது எனக்கு மிகவும் பிடித்த கோளாறு.

இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது, அமெரிக்காவில் 60 முறை. ஹம் என்பது இந்த எண் அல்லது இதன் மடங்குகள். 50 ஹெர்ட்ஸ் நம் கட்டைக் கணக்கில் ஐந்து கட்டையை ஒட்டி, கொஞ்சம் தூக்கலாக நிற்கும். 60 ஹெர்ட்ஸ் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் விழும். இரட்டிப்பான 100, 120 ஹெர்ட்ஸ்தான் காதில் அதிகம் விழும், ஆனால் ஸ்தாயி மாறினாலும் சுரம் மாறாதே. அதனால் சுருதிப் பெட்டியை ஐந்தில் வைத்து ஹம்மோடு சேர்த்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒட்டினால் 50 ஹெர்ட்ஸ் வகை. ஒட்டாமல் ஏழுக்குக் கொஞ்சம் கீழே நின்றால் 60. அமெரிக்கக் கேசட்டில் 60 கேட்டால் அது கலிஃபோர்னியாவிலோ ஒஹையோவிலோ இருக்கும் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரிலிருந்து வந்த ஹம், உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. 50 கேட்டால் உங்கள் வீட்டைச் சந்தேகப்படுங்கள். பிரிட்டன், நியூசிலாந்துக் கேசட்டுகளில் இந்தத் தந்திரம் செல்லாது, அங்கேயும் 50தான். ஜப்பானியக் கேசட் என்றால் இன்னும் வேடிக்கை: டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60. அங்கெல்லாம் காலி நாடாச் சோதனைதான் கதி.

இந்த ஹம்மைக் குறையாகவே பார்க்காதவர்கள் உண்டு. 1960களில் நியூயார்க்கில் இசையமைப்பாளர் லா மான்ட் யங்கின் குழு, அந்த 60 ஹெர்ட்ஸையே ஆதாரமாக வைத்துத் தங்கள் சுருதிகளை அமைத்தது. அதே யங் 1970இல் இந்துஸ்தானி இசையின் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் சீடராகச் சேர்ந்து தம்புரா மீட்டக் கற்றார். சுவர் ஹம்மிலிருந்து தம்புராவுக்கு அவ்வளவு தூரம் இல்லை போலிருக்கிறது.

சரி, ஹம் உங்கள் வீட்டில்தான் பிறக்கிறது என்று தெரிந்தால், டெக்கை ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தை ஹெட் அப்படியே பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பில் இணைத்திருந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கியதும் நின்றால் எர்த் வளையம்தான், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகச் சேர்ந்து ஹம்மைப் பிடிக்கின்றன. டெக், ஆம்ப்ளிஃபயர், லேப்டாப் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பாதி தீரும். எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷாக் அடிக்கும்.

மொத்த வேகமே தப்பு என்று தோன்றுகிறது

டிரோனில் இதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. எது அசல் சுரம் என்று யாருக்குத் தெரியும்? இங்கே மேலே சொன்ன ஹம் கை கொடுக்கும். அமெரிக்கக் கேசட்டைக் கணினிக்குள் ஏற்றி, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தைத் திறந்து, அளவை 65536 என்று வைத்துக் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். 60, 120, 180 என்று வரிசையாகக் கூர்முனைகள் நின்றால் வேகம் சரி. 57, 114, 171 என்று நின்றால் ஐந்து சதவீதம் மெதுவாக, ஏறத்தாழ ஒரு சுரஸ்தானம் இறங்கி ஓடுகிறது. பதிந்தவர் டெக்கே பிசகியிருக்கவும் வாய்ப்புண்டு, ஆகவே இரண்டு மூன்று வேறு வேறு லேபிள் கேசட்டுகளில் ஒரே பிசகு வந்தால்தான் உங்கள் டெக்கைத் தொடுங்கள். மோட்டாரின் பின்பக்கம் சின்ன ஓட்டை இருந்தால் அதற்குள் வேகம் மாற்றும் திருகு இருக்கும். உலோகம் இல்லாத மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த டெக் என்பதால் இங்கே மெதுவாக ஓடுமோ என்று கேட்பவர்கள் உண்டு. கேசட் டெக்குகளில் பெரும்பாலும் டிசி மோட்டார்தான், 50க்கும் 60க்கும் வேகம் மாறாது. வோல்டேஜுக்கு மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும்.

யாரோ தலைகீழாகப் பேசுகிறார்கள்

சைகடெலிக் இசையில் தலைகீழ் ஒலி சகஜம், அதனால் பலரும் இதைக் கோளாறு என்று நினைப்பதே இல்லை. கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள். முதல் பக்கத்தின் கடைசியில் மெலிதாகக் கேட்ட தலைகீழ்ச் சத்தம், இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் நேராக, பலமாகக் கேட்டால் உங்கள் ஹெட் உயரம் தப்பி அடுத்த பக்கத்தையும் சேர்த்துத் தொடுகிறது. இதை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

முதல் பக்கம் பாதி வேகத்தில் இழுத்து, இரண்டாம் பக்கம் முழுக்கப் பலமாகத் தலைகீழாக ஓடினால் கதை வேறு. டாஸ்காம் 1979இல் போர்ட்டாஸ்டுடியோ என்று ஒரு கருவியைக் கொண்டுவந்தது. சாதாரணக் கேசட்டில் இரண்டு பக்கத்துக்குமாக உள்ள நான்கு தடங்களையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் பயன்படுத்துவது அது. வீட்டுப் பதிவு உலகமே அதன் மேல்தான் எழுந்தது. அப்படிப்பட்ட மூல நாடா ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால் சாதாரண டெக்கில் இப்படித்தான் கேட்கும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கணினியில் ஏற்றி, வேகத்தை இரட்டிப்பாக்கி, இரண்டாவதைத் திருப்பிப்போட்டு ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நான்கு தடமும் கிடைக்கும். அதற்கு முன் ஒருமுறை, அந்தத் தப்பான வேகத்திலேயே கேட்டுவிடுங்கள். சில சமயம் அதுதான் நன்றாக இருக்கிறது.

தலைகீழாக இல்லாமல் நேராகவே, ஆனால் சம்பந்தமில்லாமல், ஒரு பாதிரியார் பிரசங்கமோ ஆங்கிலப் பாடமோ அடியில் முணுமுணுத்தால், பழைய கேசட்டின் மேலேயே பதிந்திருக்கிறார்கள். பழைய பொருள் கடையில் அள்ளிய கேசட்டில் பதிவது அந்த வட்டாரத்தில் வழக்கம். முந்தைய பதிவு முழுக்க அழியவில்லை, அவ்வளவுதான்.

இடது பக்கம் மட்டும் விட்டுவிட்டு வருகிறது

கேசட்டில் இடது சேனல்தான் நாடாவின் வெளி ஓரத்தில் ஓடுகிறது. ஓரம் கசங்கினால் முதல் அடி அதற்கு. நாடாவைக் கொஞ்சம் வெளியே இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரம் அலை அலையாக இருந்தால் அந்த இடம் போனதுதான். கேசட்டைத் திருப்பிப் போட்டாலும், வேறு கேசட் போட்டாலும் இடது பக்கமே விட்டுப்போனால் ஹெட்டில் அழுக்கு அல்லது வயரில் தளர்வு. வயரை இடம் வலம் மாற்றிச் செருகிப் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தெரியும்.

ஒலி தானாக மூச்சு வாங்குகிறது

சத்தம் குறையும்போது இரைச்சல் பொங்கி எழுகிறது. ஏதாவது தட்டினால் எல்லாம் சட்டென்று அமுங்கி, அப்புறம் மெதுவாகத் திரும்ப ஏறுகிறது. பத்திரிகையாளர்கள் கையில் வைத்திருந்த சின்ன ரெக்கார்டர்களில் ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் சுற்று ஒன்று உண்டு. அதில் பதிந்தது அப்படித்தான் மூச்சு வாங்கும். நாடாவிலேயே இருப்பதால் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஒரே ஒரு விலக்கு: டால்பி பொத்தான் தவறாகப் போட்டிருந்தாலும் இதே மாதிரி லேசாக அலையும். அதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

தொடங்கும் முன்பே மெலிதாகக் கேட்கிறது

உருளையில் சுற்றிய நாடாவின் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கில் தன் காந்தத் தடத்தைப் பதித்துவிடும். பேய் மாதிரி ஒரு முன்னொலி, அசல் ஒலிக்கு ஒன்றரை முதல் மூன்று விநாடி முன்னால் வரும், உருளை ஒரு சுற்றுச் சுற்றும் நேரம் அது. மெல்லிய நாடாவிலும் வெயிலில் கிடந்த கேசட்டிலும் அதிகம். கேட்கும் முன் இரண்டு மூன்று முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டினால் கொஞ்சம் தேயும்.

கேசட் உள்ளே உட்கார மறுக்கிறது, கிறீச்சிடுகிறது, நாடாவைத் தின்கிறது

இந்த லேபிள்காரர்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் மேல் தீராத காதல். கூட்டின் மேல் அடித்த பெயின்ட் பல்சக்கர ஓட்டைகளிலும் வழிகாட்டித் துளைகளிலும் இறங்கித் தடித்திருக்கும். பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள், இல்லையென்றால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிவிட்டு அழகான பழைய கூட்டை அலமாரியில் வையுங்கள். கிறீச் என்ற சத்தத்துக்கும் கூடு மாற்றுவதுதான் பெரும்பாலும் மருந்து.

நாடா சிக்கிக்கொண்டால் கேசட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். மின்சாரத்தை அணைத்து, ரோலரிலிருந்து நாடாவை விரலால் விடுவித்து, பென்சில் விட்டுச் சுற்றுங்கள். அது நமக்கெல்லாம் கை பழகிய வேலைதான். சிக்கியதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வாங்கும் பக்க உருளை சுற்றாமல் நின்றிருக்கிறது. அதன் ரப்பர் சக்கரமோ பெல்டோ வழுக்குகிறது. அதைப் பார்க்காமல் அடுத்த கேசட்டைப் போட்டால் அதுவும் போகும்.

வெள்ளைப் பூஞ்சை, பழுப்புத் தூள்

நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு மழைக்காலம் போதும், நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகப் பூக்க. அதை நல்ல டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டுக்குப் போய், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்குப் போகும். உதவாத பழைய பிளேயர் ஒன்றில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, நாடா ஓடும் வழியில் மெல்லிய உலர்ந்த துணியைப் பிடித்து மெதுவாக ஓட்டித் துடைக்க வேண்டும். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில்.

பழுப்புத் தூள் என்றால் நாடாவின் காந்தப் பூச்சே உதிர்கிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதலில் கணினியில் பதிவை ஓடவிட்டு, பிறகு நாடாவை ஓடவிடுங்கள். இரண்டாவது வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கி 1980களில் செய்த தன் நாடா வளையங்களை 2001இல் கணினிக்கு மாற்றும்போது பூச்சு உதிரத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை. சுற்றுக்குச் சுற்று இசை தேய்ந்து போவதை அப்படியே பதிந்தார், அதுவே அவருடைய மிகப் பெயர்பெற்ற வேலையாகிவிட்டது. உங்களிடம் இருப்பது யாரோ 50 பிரதி போட்ட கேசட் என்றால் அவ்வளவு துணிச்சல் வேண்டாம்.

கணினியில் ஏற்றியதும் டிரோனே காணாமல் போகிறது

இதில் டெக் நிரபராதி. இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் பலவற்றுக்கும் ஒரே ஓர் அளவுகோல்தான்: மாறாமல் தொடர்ந்து இருப்பது இரைச்சல், மாறுவது இசை. டிரோன் என்றாலே மாறாமல் தொடர்வது. அதனால் அது சுரத்தைத் தின்றுவிட்டு, நடுவில் யாரோ நாற்காலி நகர்த்திய சத்தத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். மிஞ்சிய இடத்தில் தண்ணீருக்கடியில் பறவை கத்துவது போல ஒரு சலசலப்பு. போன் மைக்கில் பதிந்தாலும் பல செயலிகள் இதையே கேட்காமல் செய்கின்றன. தம்புராவை வீடியோ அழைப்பில் கேட்க முயன்ற சங்கீத டீச்சர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

டெக்கிலிருந்து நேராக வயர் போட்டு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஏற்றுங்கள். அளவை உச்சம் தொடாமல் பத்து டெசிபெல் கீழேயே வையுங்கள், 24 பிட்டில் அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. ஒலி அளவைத் தானாகச் சீராக்கும் வசதி, எதிரொலி நீக்கும் வசதி என்று சிஸ்டம் அமைப்பில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் அணைக்க வேண்டும். ஹம் வடிகட்டியைப் போடத் தோன்றினால், ஆதாரச் சுரமே அந்த இடத்தில் இல்லை என்று உறுதியான பிறகு போடுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் ஒன்றுமே இல்லை

முதலில் ஒலியைக் கூட்டி ஐந்து நிமிடம் காத்திருங்கள். அவ்வளவு மெதுவாக எழும் இசையும் உண்டு. அப்புறம் பக்கத்தின் நடுப்பகுதிக்கு ஓட்டிக் கேளுங்கள். அங்கேயும் ஒன்றுமில்லை என்றால், அதைக் காலி கேசட்டோடு ஒப்பிடுங்கள். பதிவே நடக்காத நாடாவின் இரைச்சலும், மைக் இல்லாமல் 'மௌனம்' பதியப்பட்ட நாடாவின் இரைச்சலும் ஒன்றல்ல. இரண்டாவதில் கொஞ்சம் அதிகம் இருக்கும், அதோடு தொடக்கத்தில் பொத்தான் அழுத்திய 'டொக்' கேட்கும். 'டொக்' கேட்டால் அவர் மௌனத்தைப் பதிந்து அனுப்பியிருக்கிறார். கேட்காவிட்டால் பிரதி எடுக்கும்போது மறந்துவிட்டார், இல்லை ஒரு பக்கத்தோடு விஷயம் முடிந்துவிட்டது. லேபிள்காரருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் ஒருமுறை எழுதினேன். மன்னிப்புக் கேட்டு இன்னொரு பிரதி வந்தது. அதிலும் இரண்டாம் பக்கம் காலி.